கால் சொல்லும் பதில்: நெருங்குவதையும் ஒதுங்குவதையும் வி.ஆர். எப்படி அளக்கிறது?

தர்மபுரி பேருந்து நிலையத்தில் பென்னாகரம் வண்டி காலியாக வந்து நிற்கிறது. முதலில் ஏறுபவர் ஜன்னலோரம் உட்காருவார். அடுத்தவர் அவர் பக்கத்தில் உட்கார மாட்டார், இரண்டு சீட் தள்ளி இன்னொரு ஜன்னலைப் பிடிப்பார். ஜன்னல்கள் தீர்ந்த பிறகுதான் யார் பக்கத்தில் உட்காருவது என்ற கேள்வி வரும். அதற்கு ஒவ்வொருவரும் ஒரு நொடிக்குள் முடிவு எடுத்துவிடுகிறார்கள். ஏன் அவரைத் தாண்டிப் போய் இவர் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "சும்மாதாங்க, இங்க காத்து வருமேன்னு" என்பார்கள். பொய் சொல்லவில்லை. உண்மையான காரணம் அவர்களுக்கே சரியாகத் தெரியாது.

மற்றவர்களை நெருங்குவதை உளவியலில் சமூக அணுகல் என்றும், ஒதுங்குவதைச் சமூகத் தவிர்ப்பு என்றும் சொல்கிறார்கள். பெயர்தான் கனமாக இருக்கிறது, விஷயம் நாம் நாள் முழுக்கச் செய்வது. டீக்கடை பெஞ்சில் எந்த முனையில் உட்காருகிறோம், கல்யாண வீட்டில் எந்தக் கூட்டத்தோடு போய் நிற்கிறோம், வங்கி மேலாளரின் அறைக்குள் நுழையும் முன் வாசலில் எவ்வளவு நேரம் நிற்கிறோம், எல்லாமே இதற்குள் அடக்கம். இதை அளக்க கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாக ஆராய்ச்சியாளர்கள் வி.ஆர். ஹெட்செட்டைப் பயன்படுத்துகிறார்கள். வி.ஆர். என்றால் மெய்நிகர் உண்மை: கண்களை மூடும்படி தலையில் மாட்டிக்கொண்டால், கணினி உருவாக்கிய இடத்துக்குள்ளேயே நிற்பது போல இருக்கும். பையன்கள் கேம் விளையாடும் அதே கருவிதான். அது ஏன் தேவைப்பட்டது என்று புரிய, அதற்கு முந்தைய வழிகள் எங்கே மாட்டிக்கொண்டன என்று பார்க்க வேண்டும்.

கேட்டால் வராத பதில்

எளிய வழி கேள்வித்தாள். "அறிமுகம் இல்லாதவர்களிடம் பேசத் தயங்குவீர்களா?" என்று கேட்டு, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணைச் சுழிக்கச் சொல்வது. செலவு கிடையாது, ஒரே நாளில் நூறு பேரிடம் வாங்கிவிடலாம். ஆனால் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள நினைக்கிறாரோ அதுவும் கலந்துதான் ஒருவர் பதில் எழுதுவார்.

அடுத்தது அளவுநாடா. ஒருவரை நிற்க வைத்து, இன்னொருவரை மெதுவாக நடந்து வரச் சொல்லி, "இதுக்கு மேல வேண்டாம்" என்று தோன்றும் இடத்தில் நிற்கச் சொல்வார்கள். இருவருக்கும் நடுவே எத்தனை சென்டிமீட்டர் என்று குறித்துக்கொள்வார்கள். நல்ல முறைதான், இன்றைக்கும் நடக்கிறது. என்ன, நாடாவைக் கண்டதுமே எதை அளக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். தெரிந்த பிறகு நடப்பது இயல்பான நடையாக இருக்காது.

மூன்றாவது, ஓரமாக நின்று கவனிப்பது. போச்சம்பள்ளி வாரச்சந்தையில் ஒரு மணி நேரம் நின்றால் ஆயிரம் நெருக்கமும் ஆயிரம் விலகலும் கண்ணில் படும். எல்லாம் அசல். ஆனால் அந்தப் பெரியவர் சட்டென்று பாதை மாறியது எதனால்? வெயிலா, சேறா, கடன் கொடுத்தவர் எதிரில் வருகிறாரா? வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரிய வழியில்லை.

இந்த மூன்றிலும் இருக்கும் சிக்கல் ஒன்றுதான். ஒரே இடைவெளிக்குப் பல காரணங்கள் இருக்கலாம். பயத்தால் ஒருவர் நான்கு அடி தள்ளி நிற்பார், மரியாதையால் இன்னொருவர் அதே நான்கு அடி தள்ளி நிற்பார், அருவருப்பால் மூன்றாமவர் நிற்பார். நாடா எல்லோருக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். நெருங்கிப் போவதும் பிரியத்தால் மட்டும் இல்லை. சண்டைக்குப் போகிறவரும் நெருங்கித்தான் போவார். கோபம் ஆளை முன்னே தள்ளும் உணர்ச்சி என்றுதான் உளவியலும் சொல்கிறது.

அமெரிக்க மானுடவியலாளர் எட்வர்ட் ஹால் 1966ல் மனிதர்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை நான்கு வட்டங்களாகப் பிரித்தார். சுமார் 45 சென்டிமீட்டருக்குள் மிக நெருக்கமானவர்கள், 1.2 மீட்டர் வரை நண்பர்கள், 3.6 மீட்டர் வரை அலுவல் பழக்கம், அதற்கு அப்பால் பொதுக்கூட்டம். இந்த எண்களைப் பாடப்புத்தகங்கள் உலகப் பொதுவிதி போல எடுத்து எழுதுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். ஹால் கவனித்தது பெரும்பாலும் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதி நடுத்தர வர்க்கத்தினரை. தனக்குக் கிடைத்தது மனித குலம் முழுவதற்குமானது இல்லை என்று அவரே எச்சரித்திருக்கிறார். நம் ஊர் ஷேர் ஆட்டோவில் ஏறியிருந்தால் அவருடைய நான்கு வட்டமும் ஒரே சீட்டில் முடிந்திருக்கும்.

கிட்டப் போனால் பயம் கூடும்

இடைவெளியை ஒரே ஓர் எண்ணாகப் பார்க்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பல நேரங்களில் நமக்குள் நெருங்கும் ஆசையும் விலகும் ஆசையும் சேர்ந்தே இருக்கும். உளவியலாளர் கர்ட் லெவின் 1930களில் இதைப் பற்றி எழுதினார். 1944ல் இன்னொரு உளவியலாளர் நீல் மில்லர் அதைத் தெளிவான வடிவத்துக்குக் கொண்டுவந்தார். நீளமான ஒரு பாதையின் முடிவில் எலிக்குத் தீனி வைக்கிறார்கள். பிறகு அதே இடத்தில் லேசான மின்அதிர்ச்சியும் கொடுக்கிறார்கள். அடுத்த முறை பாதையில் விட்டால் எலி கிளம்பும், பாதி தூரம் போகும், நிற்கும், பின்வாங்கும், மறுபடி முன்னே வரும்.

மில்லரின் விளக்கம் இது. இலக்கை நெருங்க நெருங்க ஆசையும் கூடுகிறது, பயமும் கூடுகிறது. ஆனால் பயம் செங்குத்தாக ஏறுகிறது. தூரத்தில் இருக்கும்போது ஆசை ஜெயிக்கிறது, அதனால் கிளம்பிவிடுகிறோம். கிட்டப் போனதும் பயம் முந்திக்கொள்கிறது, அதனால் நின்றுவிடுகிறோம். இரண்டும் சமமாகும் இடத்தில் முன்னும் பின்னுமாக ஆட்டம்.

வேலை கேட்டு ஓசூர் தொழிற்சாலை வாசல் வரை போய்விட்டு, எதிர் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவரும் பையனை வீட்டில் சோம்பேறி என்று திட்டுவார்கள். மில்லரின் விளக்கத்தை வைத்துப் பார்த்தால் அவன் கிளம்பியதும் உண்மையான ஆசை, திரும்பியதும் உண்மையான பயம். எங்கே நின்றான் என்று மட்டும் கேட்டால் இது பிடிபடாது. எப்படிப் போனான், எந்த இடத்தில் வேகம் குறைந்தது, எத்தனை முறை தயங்கினான் என்று நொடிக்கு நொடி தெரிய வேண்டும்.

கை சொல்வதும் வாய் சொல்வதும் வேறுபடும் என்று காட்டிய ஒரு சோதனையும் இங்கே முக்கியம். திரையில் முகம் வரும், கையில் ஜாய்ஸ்டிக். இழுத்தால் முகம் பெரிதாகிக் கிட்டே வருவது போலத் தெரியும், தள்ளினால் சிறிதாகி விலகும். 2007ல் ஹாயர், ரிங்க், பெக்கர் ஆகியோர், மனிதர்களிடம் பழகுவதில் அதிகப் பதற்றம் உள்ளவர்களை இதில் உட்கார வைத்தார்கள். அவர்களுடைய கை கோப முகங்களை மட்டும் தள்ளவில்லை, சிரித்த முகங்களையும் தள்ளியது. ஆனால் அதே சிரித்த முகங்கள் இனிமையாக இருக்கின்றனவா என்று கேட்டபோது, மற்றவர்கள் கொடுத்த மாதிரியே மதிப்பெண் கொடுத்தார்கள். ஜாய்ஸ்டிக்கே இவ்வளவு காட்டுகிறது என்றால், முழு உடம்பும் நடந்து காட்டினால்?

ஒன்றை மட்டும் மாற்றலாம்

ஆய்வாளர்களுக்குப் பழைய தலைவலி ஒன்று உண்டு. தெருவில் ஆராய்ந்தால் எல்லாம் அசலாக இருக்கும், ஆனால் எதுவும் கட்டுப்பாட்டில் இருக்காது. ஆய்வுக்கூடத்தில் எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கும், ஆனால் எதுவும் அசலாக இருக்காது. நடிகர் ஒருவரை வைத்துச் செய்யலாம் என்றால், அறுபது பேருக்கு முன்னால் ஒரே மாதிரி சிரிக்க எந்த நடிகராலும் முடியாது. காலையில் சிரித்த சிரிப்பும் மத்தியானம் சோறு சாப்பிட்ட பிறகு சிரிக்கும் சிரிப்பும் வேறு.

2002ல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா பல்கலைக்கழகத்தில் இருந்த ஜிம் பிளாஸ்கோவிச்சும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரு கட்டுரையில் இதற்கு வி.ஆர். நல்ல வழி என்று வாதிட்டார்கள். கணினி உருவாக்கிய மெய்நிகர் மனிதருக்குக் களைப்பு வராது. அறுபதாவது ஆளைப் பார்க்கும்போதும் முதல் ஆளைப் பார்த்த அதே கோணத்தில், அதே வேகத்தில் தலையைத் திருப்புவார். அதைவிட முக்கியம், அவரைப் பற்றி ஒன்றே ஒன்றை மட்டும் மாற்ற முடியும். அதே உயரம், அதே சட்டை, அதே அறை, அதே வெளிச்சம், பார்வை மட்டும் வேறு. அசல் வாழ்க்கையில் இது நடக்கவே நடக்காது. பயமா மரியாதையா என்று பிரித்துப் பார்க்க நமக்கு வேண்டியது இந்த வசதிதான். ஹெட்செட்டின் மற்ற கவர்ச்சிகள் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

கருவி வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்களுக்கு முன்னால் இரண்டு படங்கள், ஒவ்வொரு கண்ணுக்கும் சற்று வேறு கோணத்தில். அதனால் ஆழம் தெரிகிறது. ஹெட்செட்டில் உள்ள கேமராக்களும் உணரிகளும் தலை அறையில் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று இடைவிடாமல் கணக்கிடுகின்றன. நீங்கள் ஓர் அடி முன்னே வைத்தால் காட்சியும் ஓர் அடி நெருங்கும். படம் நொடிக்கு 72 அல்லது 90 முறை புதுப்பிக்கப்படும், ஒவ்வொரு முறையும் தலையின் இடத்தையும் திசையையும் கோப்பில் எழுதி வைக்கலாம். நொடிக்கு 90 என்றால் ஐந்து நிமிடத்துக்கு 27,000 வரிகள். அதிலிருந்து எவ்வளவு கிட்டப் போனார், எந்த இடத்தில் வேகம் குறைந்தது, நேராகப் போனாரா வளைந்து போனாரா, தலையைப் பின்னுக்கு இழுத்தாரா என்று எல்லாம் எடுக்கலாம். சில ஹெட்செட்டுகளில் கண் எங்கே பார்க்கிறது என்பதும் பதிவாகும். விரலில் ஒரு சிறு கருவியை மாட்டினால் வியர்வையால் தோலின் மின்கடத்தல் மாறுவதும் தெரியும். கண்ணுக்குத் தெரியாத பதற்றத்தை அது காட்டிக்கொடுத்துவிடும்.

"அது பொம்மைன்னு தெரியும்ல, அதைப் பார்த்து யார் ஒதுங்குவாங்க?" என்று வகுப்பில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் மீஹனும் மற்றவர்களும் செய்து 2002ல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. ஹெட்செட்டுக்குள் ஓர் அறை, அதன் நடுவில் பெரிய பள்ளம். நிற்பது ஆய்வுக்கூடத்தின் சமதரையில் என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் பள்ளத்தின் விளிம்பில் இதயத்துடிப்பு எகிறியது. விளிம்பு இருக்கும் இடத்தில் ஒன்றரை அங்குல உயரத்துக்கு நிஜமான மரப்பலகையை வைத்து, காலுக்கு விளிம்பு தட்டுப்படும்படி செய்ததும் பதற்றம் இன்னும் கூடியது. மெல் ஸ்லேட்டர் என்ற ஆய்வாளர் இதை இரண்டாகப் பிரித்தார். நான் இந்த இடத்தில் இருக்கிறேன் என்ற உணர்வு ஒன்று, இங்கே நடப்பது நிஜமாகவே நடக்கிறது என்ற உணர்வு மற்றொன்று. அறிவு இரண்டையும் மறுத்துக்கொண்டே இருக்கும், உடம்பு ஏற்றுக்கொண்டுவிடும்.

சட்டையில் ஒட்டிய பெயர்

ஜெரமி பெய்லன்சனும் பிளாஸ்கோவிச் குழுவினரும் 2001லும் 2003லும் வெளியிட்ட சோதனைகள்தான் இந்தத் துறைக்கு நுழைவாயில். வடிவமைப்பு எளிமையானது, ஆனால் சாமர்த்தியமானது. ஹெட்செட்டைப் போட்டால் ஓர் அறையில் மெய்நிகர் மனிதர் ஒருவர் நிற்பார். அவருடைய சட்டையில் முன்னும் பின்னும் சீட்டுகள் ஒட்டியிருக்கும், அவற்றில் உள்ளதைப் படித்து நினைவில் வைக்க வேண்டும். பங்கேற்பவர் இது நினைவாற்றல் சோதனை என்றே நினைத்துக்கொண்டு அவரைச் சுற்றி நடப்பார். ஆய்வாளருக்கு அந்த மனப்பாடத்தில் அக்கறையே இல்லை. எவ்வளவு கிட்டப் போனார் என்பதைத்தான் கணினி எழுதிக்கொண்டிருக்கும். அளவுநாடா கண்ணில் படும் பிரச்சினை இப்படித் தீர்ந்தது.

மனிதர் இருந்த இடத்தில் அதே அளவு உருளை ஒன்றை வைத்தபோது தாராளமாகக் கிட்டப் போனார்கள், மனிதருக்கு மட்டும் கூடுதல் இடம் விட்டார்கள். முகம் இருக்கும் பக்கம் அதிக இடம், முதுகுப் பக்கம் குறைவு. மெய்நிகர் மனிதர் கண்ணோடு கண் பார்த்தால் பெண்கள் கூடுதலாகத் தள்ளி நடந்தார்கள். அவராகவே நெருங்கி வந்தால் பின்வாங்கினார்கள். எதிரில் இருப்பது வெறும் கணினிப் படம் என்று தெரிந்தும் நடந்தது இது.

பார்வைக்கும் தூரத்துக்கும் உள்ள இந்தத் தொடர்பை உளவியலாளர்கள் ஆர்கைலும் டீனும் 1965லேயே சொல்லியிருந்தார்கள். இருவருக்கு நடுவே நெருக்கம் ஒரு அளவில் சமநிலையில் இருக்கும், ஒரு பக்கம் கூடினால் இன்னொரு பக்கம் குறைத்துக்கொள்வோம் என்பது அவர்கள் கருத்து. காலை எட்டரை மணிக்குப் பாலக்கோடு பஸ்ஸில் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறவர்கள் ஏன் எல்லோரும் ஜன்னலையோ போனையோ பார்க்கிறார்கள்? உடம்பை விலக்க இடமில்லை, கண்ணையாவது விலக்குகிறார்கள்.

பிறகு வந்தவர்கள் இதே வடிவத்தை மனநலம் பக்கம் கொண்டுபோனார்கள். 2010ல் ரிங்க் குழுவினர் கண்டது: சமூகப் பதற்றம் அதிகமுள்ளவர்கள் மெய்நிகர் மனிதரை மெதுவாக நெருங்குகிறார்கள், அதிக இடம் விடுகிறார்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் வீசர் குழுவினர், பதற்றம் அதிகமுள்ள பெண்களை நோக்கி மெய்நிகர் ஆண் ஒருவர் நேராகப் பார்த்தபடி வந்தால் அவர்களின் தலை லேசாகப் பின்னே போவதைப் பதிவு செய்தார்கள். எதிரில் நிற்பவருக்குக்கூடத் தெரியாத அசைவு அது.

ஒதுங்குவதில் உள்ள பெரிய சிக்கல், அது உடனே நிம்மதி தருவதுதான். வாசலில் இருந்து திரும்பிவிட்டால் நெஞ்சுப் படபடப்பு அடங்கிவிடும். அந்த நிம்மதியே அடுத்த முறையும் திரும்பச் சொல்லும். உள்ளே போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று தெரிந்துகொள்ள வாய்ப்பே கிடைக்காது. இந்தச் சுழலை உடைக்க வி.ஆரைச் சிகிச்சையாகவும் பயன்படுத்துகிறார்கள். இங்கிலாந்தில் டேனியல் ஃப்ரீமன் தலைமையில் நடந்த கேம்சேஞ்ச் ஆய்வில் மனச்சிதைவு போன்ற பாதிப்புள்ள 346 பேர் கலந்துகொண்டார்கள், முடிவுகள் 2022ல் வந்தன. கடை, பஸ், மருத்துவரின் காத்திருப்பு அறை போன்ற மெய்நிகர் இடங்களில் படிப்படியாகப் பழகியவர்களுக்கு வெளி இடங்களைத் தவிர்ப்பது குறைந்தது. அதிகமாக ஒதுங்கியிருந்தவர்களுக்குத்தான் அதிகப் பலன். நம் பக்கம் இப்படி ஒதுங்கிப்போய் அவதிப்படுகிறவர்கள் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416ல் தமிழிலேயே பேசலாம். அதற்கு ஹெட்செட் எதுவும் வேண்டாம்.

கலெக்டர் ஆபீஸ் வராந்தா

இதுவரை சொன்ன சோதனைகள் எல்லாம் அமெரிக்கா, ஐரோப்பா. அவற்றின் காட்சிகளை அப்படியே இறக்கி வைத்து நம் ஆட்களை நடக்கச் சொன்னால் என்ன வரும்? எண்கள் வரும், அர்த்தம் வராது என்பது என் கருத்து. நம் ஊரில் தள்ளி நிற்பதற்கு இருக்கும் காரணங்கள் வேறு.

ஒரு சோதனையைக் கற்பனையாக அமைத்துப் பார்ப்போம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகம் போன்ற ஒரு மெய்நிகர் கூடம், மேசை, பின்னால் ஓர் அதிகாரி. பங்கேற்பவருக்குக் கொடுக்கும் வேலை, மேசை மேலிருக்கும் தாளில் உள்ள மனு எண்ணைப் படித்துவிட்டு வருவது. வயதானவர்கள் பலர் எட்டியே நிற்பார்கள் என்று எதிர்பார்க்கலாம். "கிட்ட வாங்கய்யா" என்றாலும் "பரவால்லங்க சார், இங்கயே நிக்கறேன்" என்பார்கள். இது பயமா மரியாதையா?

இப்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். முதலில் அதிகாரி குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார், அடுத்த முறை நிமிர்ந்து பார்க்கிறார். மரியாதை என்றால் அவர் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் நிற்கும் இடம் பெரிதாக மாறக் கூடாது. மேசையின் முன்னால் எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது, அந்த இடம் வரை சீராக நடந்து வந்து நிற்பார். பயம் என்றால் பார்வை பட்டதும் வேகம் குறையும், வியர்வை கூடும், மில்லரின் எலி போல முன்னும் பின்னும் ஆட்டம் தெரியும். அடுத்து, நாற்காலியில் அதிகாரிக்குப் பதில் அதே உருவத்தில் மனு எழுதிக் கொடுப்பவரை உட்கார வையுங்கள். இடைவெளி மறைந்தால் அது பதவிக்குக் கொடுத்தது. மறையாவிட்டால் அந்த ஆள் யாரைப் பார்த்தாலும் தயங்குகிறவர். மூன்றையும் சேர்த்து வைத்தால்தான் நான்கு அடி என்ற அந்த எண் பேச ஆரம்பிக்கும். இது ஊகம்தான், யாராவது செய்து பார்த்தால் சரியா தவறா என்று தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் பேசாமல் விட முடியாது. 2008ல் நெதர்லாந்தில் டாட்ஷும் விக்போல்டஸும் ஒரு சோதனை செய்தார்கள். டச்சுப் பூர்வீகம் உள்ளவர்கள், மொராக்கோ முகச்சாயல் கொண்ட மெய்நிகர் மனிதரை நெருங்கும்போது வெள்ளை முகச்சாயல் உள்ளவருக்கு விட்டதைவிட அதிக இடைவெளி விட்டார்கள், தோலின் மின்கடத்தலும் கூடியது. மனதின் ஆழத்தில் உள்ள தொடர்புகளை மறைமுகமாக அளக்கும் சோதனையில் யாருக்கு எதிர்மறை எண்ணம் அதிகமோ, அவர்களிடம் இது பலமாகத் தெரிந்தது.

நம் மாவட்டங்களில் இதற்கு இணையான கேள்வி சாதி. கேள்வித்தாளில் கேட்டால் "அதெல்லாம் இப்ப யாருங்க பார்க்கறாங்க" என்றுதான் பதில் வரும். ஆனால் டச்சு வடிவமைப்பை அப்படியே எடுக்க முடியாது, ஏனென்றால் முகத்தைப் பார்த்து இங்கே எதுவும் சொல்லிவிட முடியாது. ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் அப்பா பெயரும் கேட்டுத்தான் ஆளை எடை போடுகிறார்கள். அப்படியானால் மாற்ற வேண்டியது முகத்தை இல்லை. அதே முகம், அதே குரல், "நான் இன்ன ஊர் இன்ன பகுதிங்க" என்று சொல்லும் ஒரே ஒரு வாக்கியம் மட்டும் வேறு. பெய்லன்சன் சட்டையில் ஒட்டிய சீட்டு இங்கே வேறு வேலைக்கு உதவும். முடிவுகளைக் கையாள்வதில் கவனம் வேண்டும். இப்படிப்பட்ட அளவுகள் ஒரு கூட்டத்தின் சராசரியில்தான் பொருள் உள்ளவை. ஒரு தனி மனிதர் பத்து சென்டிமீட்டர் தள்ளி நின்றதை வைத்து அவர் மேல் முத்திரை குத்தினால் அது அறிவியல் ஆகாது.

எங்கே ஏமாற்றும்

ஹெட்செட்டுக்குள் தூரங்கள் உண்மையைவிடக் குறைவாகத் தோன்றும் என்பது நீண்ட நாளாகத் தெரிந்த குறை. புதிய கருவிகளில் இது குறைந்திருக்கிறது, முற்றிலும் போகவில்லை. அதனால் மெய்நிகர் அறையில் கிடைத்த 80 சென்டிமீட்டரை நிஜ வாழ்க்கையின் 80 என்று எழுதக் கூடாது. ஆனால் இரண்டு நிலைகளை ஒப்பிடலாம். ரேஷன் கடைத் தராசு எப்போதும் ஒரே அளவு குறைத்துக் காட்டினாலும், எந்த மூட்டை கனமானது என்று அது சரியாகவே சொல்லும்.

வாசனை, உடம்புச் சூடு, மூச்சுக்காற்று எதுவும் ஹெட்செட்டுக்குள் வராது. நம் ஊர் நெருக்கத்தில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. சிலருக்குத் தலைசுற்றும், குமட்டும், அவர்கள் மெதுவாக நடப்பதற்குக் காரணம் பதற்றமாக இருக்காது. வலிப்பு நோய் உள்ளவர்களை உட்படுத்தக் கூடாது. அப்புறம் சின்னச் சின்ன விஷயங்கள்: கொண்டையும் மல்லிகைச் சரமும் இருக்கும் தலையில் ஹெட்செட் பட்டை சரியாக உட்காராது, மூக்குக்கண்ணாடி இடிக்கும், கண்ணை மறைத்துக்கொண்டு புடவையிலோ வேட்டியிலோ நடக்கும்போது தடுக்கிவிடுமோ என்ற பயத்திலேயே நடை சுருங்கும். முதல் பத்து நிமிடம் காலி அறையில் நடக்கவிட்டுப் பழக்கிய பிறகு அளக்க ஆரம்பிப்பது நல்லது.

கல்லூரி மாணவர்கள் அட்டைப் பெட்டியில் போனைச் செருகிச் செய்யலாமா என்று கேட்பதுண்டு. கூகுள் 2014ல் அறிமுகப்படுத்திய கார்ட்போர்டு வகைப் பெட்டிகள் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை மட்டும் அறியும். நீங்கள் ஓர் அடி முன்னே வைத்தது அதற்குத் தெரியாது. எங்கே பார்க்கிறார்கள் என்று ஆராய அது போதும், எவ்வளவு நெருங்கினார்கள் என்று ஆராய உதவாது. அதற்கு 2020ல் வந்த குவெஸ்ட் 2 போல, நடையையும் பின்தொடரும் தனி ஹெட்செட் வேண்டும். அதோடு மேசை, தூண் எதுவும் இடிக்காத காலி அறை வேண்டும். காட்சிகளை யூனிட்டி போன்ற மென்பொருளில் செய்யலாம், மாணவர்களுக்கு இலவசப் பதிப்பு உண்டு. பெரிய செலவு பணம் இல்லை, நம் ஊர் முகமும் உடையும் உள்ள மெய்நிகர் மனிதர்களை உருவாக்கும் நேரம்தான். இணையத்தில் கிடைக்கும் கோட்டு சூட்டு ஆசாமியை வைத்து வேலையை முடித்துக்கொள்வது, மேலே சொன்ன எல்லாவற்றையும் வீணாக்கும் வழி.

தொடங்கும் முன் நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்கள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. பங்கேற்பவர் விஷயம் புரிந்து ஒப்புதல் தர வேண்டும், 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும், எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளும் உரிமை உண்டு. பெயரை எடுத்துவிட்டால் தரவு பாதுகாப்பாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 2020ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 511 பேரின் அசைவுப் பதிவுகளை எடுத்தார்கள். ஆளுக்கு ஐந்து நிமிடத்துக்கும் குறைவான பதிவை வைத்து, இது யாருடையது என்று கணினி 95 சதவீதம் சரியாகச் சொன்னது. நம் நடையே நம் அடையாள அட்டை. யாருடைய கோப்பு எங்கே இருக்கும், எப்போது அழிக்கப்படும் என்று ஒப்புதல் படிவத்திலேயே எழுதிவிட வேண்டும்.

ஹெட்செட்டைக் கழற்றியதும் உடனே அனுப்பிவிடக் கூடாது. உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, "இதுல நாங்க எதைப் பார்த்தோம்னு நினைக்கறீங்க?" என்று கேட்க வேண்டும். அதன் பிறகே, நினைவாற்றல் சோதனை என்று சொன்னது எதற்காக என்று விளக்க வேண்டும், விளக்கம் கேட்ட பின் தன் தரவு வேண்டாம் என்று சொன்னால் அழித்துவிட வேண்டும். நோக்கத்தை முன்கூட்டியே சரியாக ஊகித்துவிட்டவர்களின் பதிவுகளைத் தனியாகக் குறித்து வைத்து, அவர்களைச் சேர்த்து ஒரு முறையும் விட்டுவிட்டு ஒரு முறையும் கணக்குப் போட்டு, இரண்டையும் அறிக்கையில் கொடுப்பதுதான் முறை.